அடைப்புக்குறிக்குள் ஒரு சமக்குறி

செஸ் போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்தில், சுற்று தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்த மேசையில் யாரோடு யார் ஆட வேண்டும் என்று சொல்லும் தாள். பேரிங் என்போம். கூட்டத்துக்குள் தலையை நீட்டி, விரலால் தடவித் தடவி நம் பெயரைக் கண்டுபிடித்ததும், கண் அதே வரியில் எதிர்ப்பக்கம் ஓடும். அங்கே ஒரு பெயரும் அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். அந்த எண்தான் ரேட்டிங். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தாள்களைப் பார்த்துவருகிறேன். ஒரு தடவைகூட என் கண் முதலில் பெயரைப் படித்ததில்லை.

2016ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் சேலத்தில் ஒரு போட்டி. நான்காம் சுற்றுத் தாளில் என் எண் 1640. எதிரே 1950. வித்தியாசம் 310 புள்ளி. செஸ் ஆடாதவர்களுக்கு இந்த இடைவெளியை இப்படிச் சொல்லலாம்: ஊரில் வேகமாக ஓடுகிறவன் என்று பெயர் வாங்கியவனை, மாநில அணிக்கு ஓடுகிறவன் பக்கத்தில் நிறுத்திவைத்தது போல. அடுத்த மேசைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி, “நல்லா ஆடுங்க சார், கத்துக்கலாம்” என்றார். தோற்றுவிட்டு வெளியே வருகிறவனுக்குச் சொல்லும் ஆறுதல் அது. ஒரு காயைக்கூடத் தொடுவதற்கு முன்பே எனக்குக் கிடைத்தது. அதை நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

எதிராளி பொறியியல் கல்லூரி மாணவர். இருபது வயது இருக்கும். வந்ததும் கை கொடுத்தார். தண்ணீர் பாட்டிலை மேசைக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். கலைந்திருந்த காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கட்டத்தின் நடுவில் நேராக நிறுத்தினார். எனக்கு வெள்ளை.

வீட்டில் யானை, மந்திரி, சிப்பாய் என்று சொல்லித்தான் நாங்கள் எல்லாரும் ஆடக் கற்றோம். போட்டிக்கு வரத் தொடங்கியதும் அவை ரூக், பிஷப், பான் ஆகிவிடும். இங்கே வீட்டுப் பெயர்களிலேயே சொல்கிறேன்.

முதல் இருபது நகர்த்தலுக்குள் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டன. அது நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ராணி போனால் திடீர்ச் சாவு இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். அவர் வேகமாக ஆடினார். என்னை மதிக்காமல் ஆடினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடமிருந்து பெரிதாக எதுவும் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த வேகத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார். அதன்பின் பலகையின் நடுவில் ஒரு கட்டம் அநாதையானது. அவருடைய எந்தச் சிப்பாயாலும் இனி அந்தக் கட்டத்தைக் காக்க முடியாது. என் குதிரை இரண்டே நகர்த்தலில் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய மந்திரி தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் முடங்கிக் கிடந்தது. ஓரத்தில் இருந்த அவருடைய சிப்பாய் ஒன்றுக்குத் துணை இல்லை. இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

31ஆவது நகர்த்தல். அவர் யானையை ஒரு கட்டம் பின்னால் இழுத்தார். காயிலிருந்து கையை எடுத்துவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன், குனிந்த குரலில் “டிரா?” என்றார். என் கடிகாரத்தில் 24 நிமிடம் பாக்கி இருந்தது. அவருக்கு 11. விதிப்படி டிரா கேட்டதை இருவருமே தாளில் எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஒரு சமக்குறி. அதை எழுதினேன். எழுதி முடித்த கையாலேயே அவருக்குக் கை கொடுத்தேன். மொத்தம் பத்து நொடி ஆகியிருக்கும்.

வெளியே வந்து மனைவிக்கு போன் செய்து, “ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பதோட டிரா” என்றேன். எதிராளியின் பெயரை நான் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்தபின் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து காய்களை மறுபடி வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பந்தி மண்டபத்தில் சாப்பாட்டு மேசை மேல் பலகையை விரித்தோம். அந்த 31ஆவது நகர்த்தல் வந்ததும் அவர் என் யானையை எடுத்து, திறந்திருந்த வரிசையில் வைத்தார். “இங்க கொண்டாந்துருந்தா எனக்கு மூவே இல்லையே சார்” என்றார். அடுத்த ஐந்தாறு நகர்த்தல்களையும் அவரே இரண்டு பக்கமும் ஆடிக் காட்டினார். ஓரச் சிப்பாய் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்றும் விழுந்தது. “பொசிஷன் போயிருச்சுன்னுதான் சார் நான் டிராவே கேட்டேன். நீங்க உடனே கை குடுத்துட்டீங்க.” அந்தப் பையனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். அரைப் புள்ளியை வாங்கிக்கொண்டு சும்மா போயிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஈரோட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கணக்கு வாத்தியார். கை சும்மா இருக்காது. ரேட்டிங் கணக்கு பெரிய மாயம் இல்லை. இரண்டு பேரின் எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு, இந்த ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை சொல்லும். 310 வித்தியாசத்துக்குப் பெரிய எண்காரரிடம் எதிர்பார்ப்பது 0.86. சின்ன எண்காரரிடம் 0.14. உண்மையில் எடுத்த புள்ளியிலிருந்து அதைக் கழித்து, என் வகை ஆட்டக்காரர்களுக்கு 20ஆல் பெருக்க வேண்டும். நான் தோற்றிருந்தால் 2.8 புள்ளி குறையும். டிரா செய்ததால் 7.2 கூடியது. ஜெயித்திருந்தால் 17.2 கூடியிருக்கும்.

அந்த 2.8ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல்வியின் முழு விலை அவ்வளவுதான். எனக்கு இழக்க ஏறக்குறைய எதுவுமே இல்லை. இழக்க இருந்ததெல்லாம் அந்தப் பையனிடம்தான். அப்படியிருந்தும் பயந்தவன் நான்.

இந்தக் கணக்கை வகுத்தவர் ஆர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போய், மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். விஸ்கான்சின் மாநிலப் பட்டத்தைப் பல தடவை வென்ற ஆட்டக்காரரும்கூட. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இல் அவர் முறையை ஏற்றது. ஃபிடே 1970இல் ஏற்றது. இயற்பியல்காரர் என்பதால் அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: ஒரே ஆள் எல்லா நாளும் ஒரே வலிமையில் ஆடுவதில்லை. ஒரு நாள் மேலே போவான், ஒரு நாள் கீழே இறங்குவான். அந்த ஏற்ற இறக்கத்தின் நடுப்புள்ளிதான் ரேட்டிங். விலக்கத்துக்கு அவர் வைத்துக்கொண்ட அளவு 200 புள்ளி. அதாவது 1950 என்று எழுதியிருக்கிற ஆள் ஒரு நாள் 1750 போல ஆடுவதும், 1640 என்று எழுதியிருக்கிற ஆள் அதே நாளில் 1840 போல ஆடுவதும் அதிசயம் இல்லை. கணக்குக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. எண்ணை உண்டாக்கியவர் விட்டுவைத்த இடத்தை, எண்ணைப் பார்த்து மிரள்கிற நாம்தான் அடைத்துவிடுகிறோம்.

அன்று பேருந்தில் என் நினைவுக்கு வந்தது செஸ் இல்லை, அந்தியூர்.

1989 ஆடி மாதம், குருநாதசாமி கோயில் திருவிழா. அங்கே கூடும் மாட்டுச்சந்தைக்கு அப்பாவோடு போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு ஜோடி மயிலைக் காளைகள், காங்கேயம் இனம். அப்பா கையால் வளர்த்தவை. எட்டாயிரத்துக்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாது. மதியம் ஒரு ஜீப் வந்து நின்றது. பெரிய பண்ணைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். காளைகளைச் சுற்றி வந்து பார்த்தார், பல்லைப் பார்த்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் தள்ளிப் போய் நின்றுகொண்டார். தரகர் வந்து அப்பாவின் கைமேல் துண்டைப் போட்டார். துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் முகம்தான். அந்த முகம் தரகரைப் பார்க்கவில்லை. காளைகளையும் பார்க்கவில்லை. தள்ளி நின்ற பண்ணைக்காரரின் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விலை ஆறே முக்கால் ஆயிரத்துக்கு முடிந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதே சந்தையில், எங்கள் காளைகளைவிட வயது கூடிய ஜோடியை ஏழரைக்கு விற்றுவிட்டு வந்தார். பல வருடம் கழித்து, “ஏம்ப்பா அன்னிக்கு இறங்கி வந்தீங்க?” என்று கேட்டேன். “அவுங்ககிட்டப் போயி கறாராப் பேச முடியுமாப்பா” என்றார். அக்கா கல்யாணத்துக்கு அந்த வாரமே பணம் தேவைப்பட்டதும் உண்மை. அப்பா அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவருடைய நேர்மை அது.

டிரா செய்வதே கோழைத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. பணம் வேண்டியிருந்தவன் வந்த விலைக்குக் கொடுப்பது குற்றம் இல்லை. கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி எடுத்தால் பரிசு உறுதி என்றால், காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தால், பலகையில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்றால், கை கொடுத்துவிட்டு எழுவதுதான் சரி. என் கேள்வி வேறு. அந்த முடிவு எங்கிருந்து வந்தது? பலகையிலிருந்து வந்ததா, எதிர் நாற்காலியிலிருந்து வந்ததா? சேலத்தில் நான் கை கொடுத்தபோது பலகையை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. 24 நிமிடத்தில் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால், நான் என்ன முடிவு எடுத்திருந்தாலும் அது என் முடிவாக இருந்திருக்கும்.

எதிராளியின் வலிமையைப் பார்க்கவே கூடாது என்று சொல்வதும் சரியில்லை. வள்ளுவர் அதற்கென்றே வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதன் முதல் குறளில் தூக்கிப் பார்க்க வேண்டியவற்றை அவர் அடுக்கியிருக்கும் வரிசையைப் பல வருடம் நான் கவனித்ததில்லை. செய்யும் செயலின் வலிமையை முதலில் வைத்தார், தன் வலிமையை இரண்டாவதாக, மாற்றானின் வலிமையை மூன்றாவதாக, துணையின் வலிமையைக் கடைசியாக. என் கண்ணுக்குப் பலகைதான் முதலாவது. குதிரை எங்கே உட்கார்ந்திருக்கிறது, மந்திரி எங்கே முடங்கியிருக்கிறது என்பது செயலின் வலிமை. பேரிங் தாளில் இருப்பது மூன்றாவது. நான் மூன்றாவதிலேயே தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிட்டேன்.

இது சின்ன ஆட்டக்காரர்களுக்கு மட்டும் நேர்வது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2014 நவம்பர் 15, ரஷ்யாவின் சோச்சி நகரம். உலகப் பட்டத்துக்காக மாக்னஸ் கார்ல்சனும் நம் விஸ்வநாதன் ஆனந்தும் மோதிய போட்டியில் ஆறாவது ஆட்டம். கார்ல்சனின் ரேட்டிங் அப்போது 2863, ஆனந்துக்கு 2792. 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்தின் குதிரை நடுவில் நின்ற ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே புரண்டிருக்கும். மாவட்டப் போட்டியில் ஆடும் பிள்ளைகள்கூட, இந்தப் பலகையில் ஒரு வெட்டு ஒளிந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனந்த் அதிக நேரம் எடுக்காமல் ஓரத்துச் சிப்பாயை முன்னே தள்ளினார். அந்த ஆட்டத்தைக் கார்ல்சன் ஜெயித்தார். எதிர்பாராத பரிசை எடுத்துக்கொள்ளத் தோன்றுவதில்லை என்ற பொருளில் ஆனந்த் பிறகு சொன்னார். ஐந்து தடவை உலகப் பட்டம் வென்ற மனிதர். அவர் கண்ணுக்குத் தெரியாத வெட்டு என்று ஒன்று கிடையாது. எதிரே இருப்பவர் இப்படித் தவறுவார் என்று மனம் தேடவில்லை, அதனால் கண்ணும் தேடவில்லை. அந்த நகர்த்தலை நான் பலகையில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், அவரைக் குறை சொல்லத் தோன்றியதில்லை. அவருக்கே இப்படி என்றால் என்ற அச்சம்தான் வரும்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை, அதுவும் நம் ஊர்க்காரருடையது. மானுவேல் ஆரோன், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். 1962இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஜோனல் போட்டியில் ஆடினார். உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் படிகளில் ஒன்று அது. 23 பேர் ஆடினார்கள். பாபி ஃபிஷர் முதலிடம். ஆரோன் கடைசி இடம். பட்டியலைப் பார்ப்பவர்கள் அந்தக் கடைசி வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே போட்டியில்தான் அவர் ஹங்கேரியின் லாயோஸ் போர்ட்டிஷை வென்றார். கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஊல்மனையும் வென்றார். இருவரும் அந்தக் காலத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள். அப்போது ஃபிடே ரேட்டிங் கிடையாது. ஆனால் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது அரங்கில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அடுக்கடுக்காகத் தோற்றுக்கொண்டிருந்த ஒருவர், மறுநாள் அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் எதிரே உட்கார்ந்து, ஜெயிக்க இடம் இருக்கிறதா என்று பலகையைப் பார்த்திருக்கிறாரே! எனக்கு அந்த இரண்டு வெற்றிகளைவிட அந்தப் பார்வைதான் பெரிதாகத் தெரிகிறது. பத்து வருடம் கழித்து, 1972இல், சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. சிறுவன் ஆனந்த் ஆடப் போன இடம் அது.

இனி 2023. இந்தத் தடவை ஈரோட்டிலேயே போட்டி. என் ரேட்டிங் 1710 ஆகியிருந்தது. பேரிங் தாளில் எதிரே 1478. கண் வழக்கம்போல எண்ணைத்தான் முதலில் படித்தது. மனதுக்குள் ஒரு முழுப் புள்ளியை எழுதியும் வைத்துக்கொண்டது. மேசைக்குப் போனால் பத்து வயதுப் பெண் குழந்தை. இரட்டைச் சடை. நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை எட்டவில்லை என்று முழங்காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பேனாவை இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்து, எழுதுகிறது என்று உறுதி செய்துகொண்டாள்.

பெரிய எண்ணோடு உட்காருவது எப்படி இருக்கும் என்று சேலத்துப் பையனிடம் நான் கேட்டதில்லை. அன்று தெரிந்தது. அது சுமை. ஜெயித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். டிரா ஆனால் ஏன் என்பார்கள். தோற்றால், பள்ளிக்கூடத்தில் என்னிடம் செஸ் கற்கும் பிள்ளைகள் முதல் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த அவசரத்தில் 22ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தேன். 29ஆவது நகர்த்தலை ஆடி முடித்தபோது எனக்கு மூச்சுவிட இடம் இல்லை. காயிலிருந்து கையை எடுத்தேன். “டிரா?” என்றேன். என் குரலை நானே கேட்டேன். அது சேலத்தில் கேட்ட அதே குனிந்த குரல்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளில் சமக்குறியை எழுதி, இரண்டு பக்கமும் வளைவு போட்டாள். அதன்பின் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. பெரியவர் கேட்டாரே, பதில் சொல்லாமல் இருக்கிறோமே என்ற கூச்சம் அந்த முகத்தில் இல்லை. திமிரும் இல்லை. நான் கேட்டது அவளுக்கு ஒரு நகர்த்தல் மாதிரி. அதையும் சேர்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். டிரா வேண்டாம் என்று வாயால் சொல்லலாம். ஆடும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். நான்காவது நிமிடம் அவள் கை கன்னத்திலிருந்து இறங்கி வந்து குதிரையின் தலையைத் தொட்டது.

அந்த ஆட்டத்தில் அவள் தோற்றாள். யானைகள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில், ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருந்தும், 46ஆவது நகர்த்தலில் அதை அவசரப்பட்டு முன்னே தள்ளினாள். ராஜாவைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுத் தள்ளியிருக்க வேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். 58ஆவது நகர்த்தலில் கை நீட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, கீழே விழவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு, “அங்கிள், வச்சுப் பார்க்கலாமா?” என்று அவள்தான் கேட்டாள்.

வெளியே வராந்தாவில் அவளுடைய அப்புச்சி, அம்மாவழித் தாத்தா, காத்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் டிரா கேட்டதும் அவள் வேண்டாமென்றதும் தெரிந்தவுடன், “ஏன் அம்மிணி, அவரே கேட்டாரல்ல, வாங்கிருக்கலாம்ல?” என்றார்.

“எனக்குத்தான் நல்லா இருந்துச்சுங்க அப்புச்சி.”

அவ்வளவுதான் சொன்னாள். எதிர்த்துப் பேசிய குரல் இல்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு, தரையில் பலகையை விரித்து, 46ஆவது நகர்த்தலுக்கு முன்பிருந்த நிலையைத் தாளைப் பார்க்காமலே அடுக்கினாள்.

எண்கள் அவள் பக்கம் பேசாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 232 புள்ளி வித்தியாசத்துக்கு என்னிடம் எதிர்பார்ப்பது 0.79. அது ஏதோ காரணத்தோடுதான் இருக்கிறது. கடைசிக் கட்டம் வரை போனால் பழகினவன் கை ஓங்கும். அன்று ஓங்கியது. வயதில் சின்னவர்களுக்கு 40ஆல் பெருக்குவார்கள். டிராவை வாங்கியிருந்தால் அவளுக்கு 11.6 கூடியிருக்கும். தோற்றதால் 8.4 குறைந்தது. ஒரு “சரி”யில் 20 புள்ளி. பெற்றவர்கள் யாராக இருந்தாலும் மனம் பதைக்கத்தான் செய்யும்.

அப்படியும் அவள் செய்ததுதான் சரி என்கிறேன். அவளுக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. அந்த வராந்தாத் தரையில் நாங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ராஜாவை முதலில் கொண்டுவந்தால் என்ன ஆகும், யானையைப் பின்னால் வைத்தால் என்ன ஆகும் என்று அவளே ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஜெயிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் எவ்வளவு தடுத்தும் அந்தச் சிப்பாய் ராணியானது. இனி இந்த மாதிரி ஒரு நிலை அவளுக்கு எங்கே வந்தாலும், எதிரே எந்த எண் உட்கார்ந்திருந்தாலும், அவளுக்கு வழி தெரியும். சேலத்தில் 32ஆவது நகர்த்தலில் நான் யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுபோயிருந்தால், அந்தப் பையன் எப்படித் தடுத்திருப்பார், நான் எங்கே தடுமாறியிருப்பேன், என் கை அந்த நேரத்தில் நடுங்கியிருக்குமா, எனக்குத் தெரியாது. பந்தி மேசையில் அவர் காட்டியது அவருக்குத் தெரிந்தது. என்னுடையதாக அது ஆகவில்லை. 7.2 புள்ளிக்கு நான் விற்றது அதைத்தான்.

போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் அம்மா அப்பாக்களிடம் நான் அடிக்கடி பேசுவதுண்டு. ஆட்டம் முடிந்து கதவைத் திறந்துகொண்டு வரும் குழந்தையிடம் முதல் கேள்வி, “என்னாச்சு?” இரண்டாவது கேள்வி, “அவனுக்கு ரேட்டிங் எவ்வளவு?” பெரிய எண்ணிடம் தோற்றால் முதுகைத் தட்டுகிறார்கள். சின்ன எண்ணிடம் தோற்றால் முகம் மாறுகிறது. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. நாளைக்கு மேலதிகாரி முன்னால், டாக்டர் முன்னால், பணக்காரச் சம்பந்தி முன்னால் உட்காரும்போதும் பலகையைப் பார்க்காமல் முதலில் எண்ணைத் தேடும். என் அப்பா வேட்டியைப் பார்த்தது போல. நான் தாளைப் பார்த்தது போல. தாள் ஒட்டியவுடன் பிள்ளைக்கு முன்னால் ஓடிப்போய் அந்த எண்ணைப் படித்துவந்து சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். “எங்க, ஆடிக் காட்டு பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். உங்களுக்கு செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஆடிய ஆட்டங்களின் தாள்களையெல்லாம் நான் ஒரு கோப்பில் சேர்த்துவைத்திருக்கிறேன். 2023 தாளில் 29ஆவது வரியில், அடைப்புக்குறிக்குள் சமக்குறி இருக்கிறது. அதன்பின் இன்னும் 29 வரிகள் என் கையெழுத்தில் ஓடி, 58இல் முடிகின்றன. சில பக்கம் முன்னால் புரட்டினால் 2016 தாள். அதில் அந்தக் குறி 31ஆவது வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.